புகார்: அப்டேட்டுக்குப் பிறகு எக்ஸ்போர்ட்டில் மெதுவாகிப்போன இயற்பியல் அசைவு

அனுப்புநர்
ஆண்டுச் சந்தாதாரர் (கணக்கு விவரம் மின்னஞ்சலில் உள்ளது),
கோத்தகிரி,
நீலகிரி மாவட்டம்.

பெறுநர்
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: எடிட்டரில் ஒரு வேகத்திலும் எக்ஸ்போர்ட்டில் வேறு வேகத்திலும் ஆடும் இயற்பியல் எலும்புகள் – சரிசெய்யவும் சந்தாத் தொகையைத் திருப்பித் தரவும் கோருவது தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் இரு பரிமாண அனிமேஷன் மென்பொருளுக்கு நான்கு ஆண்டுகளாகச் சந்தா கட்டி வருகிறேன். தமிழிலும் எழுதலாம் என்று நீங்கள் சொல்லியிருப்பதால் தமிழில் எழுதுகிறேன். இதே விஷயமாக உதவிப் பிரிவுக்கு ஏற்கெனவே மூன்று முறை எழுதிவிட்டேன். மூன்று பதில்களும் நான் கேட்டதைத் தொடவே இல்லை. அதனால் இந்தக் கடிதத்தை உங்கள் பார்வைக்கு அனுப்புகிறேன்.

நவம்பரில் நீங்கள் விட்ட அப்டேட், என் கணினியில் என்னைக் கேட்காமலே ஏறிக்கொண்டது. அன்றிலிருந்து இயற்பியல் கட்டுப்பாடு போட்ட எலும்புகள், அதாவது வரைந்த உருவத்தை அசைக்கும் எலும்புகளில் தானாக ஆடும்படி நான் விட்டவை, எல்லாம் எடிட்டர் பிரிவியூவில் சரியாக ஆடுகின்றன, எக்ஸ்போர்ட் செய்த வீடியோவில் இரண்டரை மடங்கு மெதுவாக ஆடுகின்றன. ஏறத்தாழ என்று சொல்லவில்லை, பிரேம் எண்ணிப் பார்த்துச் சொல்கிறேன். எப்படி எண்ணினேன் என்பதைப் பின்னால் எழுதியிருக்கிறேன்.

முதலில், இதனால் எனக்கு என்ன நடந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். எட்டு மாதமாக ஏழு நிமிடக் குறும்படம் ஒன்றைத் தனியாளாகச் செய்து வருகிறேன். கதை என் அம்மாயியுடையது, அம்மாவின் அம்மா. 1964-ஆம் ஆண்டு இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தத்தால் இலங்கை மலையகத்திலிருந்து கிளம்பி, தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாம் வழியாக நீலகிரிக்கு வந்து, இங்கேயும் தேயிலைக் கொழுந்து எடுத்தே வாழ்ந்தவர். படத்தில் பேச்சு மிகக் குறைவு. காலையில் வெறும் கூடையோடு சரிவில் இறங்குகிறார், மாலையில் நிறைந்த கூடையோடு நிறுவைக்கு ஏறி வருகிறார். அந்த இரண்டு நடைகளுக்கும் உள்ள வித்தியாசம்தான் படம். அதைச் சொல்லப்போவது அவர் உடம்பில் தொங்குகிற பொருட்கள்தான்: தலையில் கயிறு மாட்டி முதுகில் போட்ட கூடை, காதில் தொங்கட்டான், சேலை முந்தானை, இடுப்பில் கட்டிய படங்கு என்கிற முரட்டுத் துணி.

அம்மாயி ரிக்கில், அதாவது அவர் உருவத்தை அசைக்கும் எலும்புக்கூட்டில், மொத்தம் 46 எலும்புகள். அவற்றில் 13 எலும்புகளுக்கு உங்கள் இயற்பியல் கட்டுப்பாட்டைப் போட்டிருக்கிறேன். தொங்கட்டானுக்கு இரண்டு, கூடைக்கும் கயிற்றுக்கும் இரண்டு, முந்தானைக்கு ஐந்து, படங்குக்கு நான்கு. கால், இடுப்பு, முதுகு, தலை ஆகியவற்றுக்குக் கையால் கீபிரேம் வைத்தேன், அதாவது எந்தப் பிரேமில் எந்த நிலை என்று நானே குறித்தேன். மற்றது எல்லாம் அவற்றின் பின்னால் தானாக இழுபட்டு வரவேண்டும். நடக்கிறவர் சட்டென்று நின்றால் உடம்புதான் முதலில் நிற்கும். தொங்குவது இன்னும் இரண்டு ஆட்டம் ஆடி அப்புறம்தான் அடங்கும். முந்தானையில் தோளோரம் முதலில் திரும்ப வேண்டும், நுனி கடைசியாக வந்து சேர வேண்டும். இதைக் கையால் செய்கிற காலத்திலிருந்து நான் இந்த வேலையில் இருக்கிறேன். ஒவ்வொரு நுனியையும் இரண்டு மூன்று பிரேம் தள்ளித் தள்ளி வைப்பேன், ஒரு காட்சிக்கே நாலு நாள் போகும். உங்கள் மென்பொருளில் நீளம், விறைப்பு, டேம்பிங் (ஆட்டம் எவ்வளவு சீக்கிரம் அடங்கும் என்பது), காற்று ஆகியவற்றை ஒருமுறை வைத்துவிட்டால் 31 காட்சிகளுக்கும் அதுவே நடந்தது. இதற்காகத்தான் உங்களிடம் வந்தேன். பணம் கட்டியதும் இதற்காகத்தான்.

கூடைக்கு மட்டும் இரண்டு அமைப்புகள் செய்து வைத்திருந்தேன். வெறும் கூடை ஒரு குலுக்கலை 0.3 நொடியில் முடிக்கும். நிறைந்த கூடைக்கு எடையை நான்கு மடங்கு வைத்தேன். ஸ்பிரிங்கில் எடை நான்கு மடங்கானால் ஆட்ட நேரம் இரண்டு மடங்காகும், அதாவது 0.6 நொடி. இந்த இரண்டு எண்களைப் பிடிக்க எனக்கு மூன்று வாரம் ஆனது. கூடை சுமந்த பெண்களைக் கூப்பிட்டுத் திரையில் காட்டி, "இது வெறுங்கூடை மாதிரி இருக்கா, நெறைஞ்ச கூடை மாதிரி இருக்கா?" என்று கேட்டுக் கேட்டு வைத்த எண்கள்.

நவம்பர் கடைசியில் எங்கள் எஸ்டேட் லைன் வீடுகளில் பத்துப் பதினைந்து பேரைக் கூட்டி முதல் பாதியைப் போட்டுக் காட்டினேன். எக்ஸ்போர்ட் அன்று காலையில்தான் முடிந்திருந்தது. முழுதாகப் பார்க்க எனக்கே நேரமில்லை. படம் ஓடத் தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, என் அம்மா பக்கத்திலிருந்து கேட்டார்: "என்ன பாப்பா, அம்மாயி தண்ணிக்குள்ள நடக்கிற மாதிரி இருக்கு?" அவர் சொன்னது சரி. கால் சரியான வேகத்தில் நடக்கிறது. தொங்கட்டானும் முந்தானையும் குளத்துக்கு அடியில் ஆடுவது போல ஆடுகின்றன. காலையில் இறங்குகிற வெறும் கூடை 0.75 நொடிக்கு ஒருமுறை அசைகிறது. நிறைந்த கூடைக்கு நான் வைத்த 0.6 நொடியைவிட இது மெதுவு. கொழுந்தில் கை வைப்பதற்கு முன்பே கூடை நிறைந்துவிட்டது போல இருந்தது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கூடை சுமந்து முதுகு தேய்ந்தவர்கள். அவர்கள் முன்னால் அது தப்பாக ஓடியது எனக்கு மிகவும் வலித்தது.

அன்று இரவே சோதனை ரிக் ஒன்று செய்தேன். ஓர் எலும்பு, அதற்குக் கீழே ஒரு தொங்கட்டான், வேறு எதுவும் இல்லை. மேல் எலும்பை ஒருமுறை இழுத்துவிட்டு அடங்கும் வரை பிரேம்களை எண்ணினேன். உங்கள் எடிட்டர் நொடிக்கு 60 பிரேமில் ஓடுகிறது. அதில் ஓர் ஆட்டத்துக்கு 24 பிரேம், அதாவது 0.4 நொடி. முழுதாக அடங்க 72 பிரேம், அதாவது 1.2 நொடி. அதையே, என் படத்தைப் போல, நொடிக்கு 24 பிரேமில் எக்ஸ்போர்ட் செய்தேன். அதிலும் ஓர் ஆட்டம் 24 பிரேம், அடங்க 72 பிரேம். ஆனால் இப்போது அது 1 நொடியும் 3 நொடியுமாக இருக்கிறது. 12 பிரேமிலும் எடுத்துப் பார்த்தேன். அதே 24, அதே 72. ஓர் ஆட்டத்துக்கு 2 நொடி, அடங்க 6 நொடி.

உங்கள் பொறியாளர் ஒருவர் இந்தப் பத்தியை மட்டும் படித்தால் போதும். எந்த வேகத்தில் எடுத்தாலும் பிரேம் எண்ணிக்கை மாறவில்லை என்றால், கணக்கு நொடியைப் பார்த்து ஓடவில்லை, பிரேமைப் பார்த்து ஓடுகிறது என்றுதான் அர்த்தம். ஒரு பிரேமுக்குக் கணக்கு ஓர் அடி (ஸ்டெப்) நகரும் என்று வைத்துவிட்டீர்கள். 60-ஐ 24-ஆல் வகுத்தால் 2.5. என் படம் மெதுவாகிப்போனதும் அதே அளவுதான். அக்டோபரில் நான் எக்ஸ்போர்ட் செய்து வைத்த பழைய வீடியோக்களில் இந்தக் கோளாறு இல்லை. அவற்றையும் எண்ணிவிட்டேன்.

இது கண்ணுக்குத் தெரியாத சின்ன விஷயம் என்று உதவிப் பிரிவில் ஒருவர் எழுதினார். அது சரியில்லை. ஊசல் ஆடும் நேரத்தைத் தீர்மானிப்பது அதன் நீளமும் புவியீர்ப்பும். 4 சென்டிமீட்டர் நீளத்தில் தொங்குவது ஏறத்தாழ 0.4 நொடிக்கு ஒருமுறை போய்வரும். 1 நொடி எடுக்க வேண்டுமானால் அது 25 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். 2 நொடிக்கு ஒரு மீட்டர். அம்மாயி காதில் வரைந்திருப்பது விரல் நீளத் தொங்கட்டான், ஆடுவதோ முழங்கை அளவுக் கயிறு போல. கணக்குத் தெரியாதவர் கண்ணும் இதைப் பிடித்துவிடும். என் அம்மா பிடித்தார்.

உங்கள் உதவிப் பிரிவின் பதில்களுக்கு வருகிறேன். முதல் பதில், என் கணினி பழையது, அதனால் பிரேம் விட்டுப்போகிறது என்றது. விட்டுப்போனால் அங்கங்கே குதிக்கும், இப்படி ஒரே சீராக மெதுவாகாது. இரண்டாவது பதில், தொங்கட்டானின் எடையைக் கூட்டிப் பார்க்கச் சொன்னது. எடையை மாற்றினால் ஊசலின் ஆட்ட நேரம் மாறாது, பள்ளிக்கூடத்திலேயே நூலில் கல்லைக் கட்டிப் பார்த்திருப்போம். மூன்றாவது பதிலில்தான் ஓரளவு உதவியாக ஒன்று இருந்தது: எக்ஸ்போர்ட்டுக்கு முன் புவியீர்ப்பு எண்ணைக் கூட்டுங்கள் என்றார்கள். செய்து பார்த்தேன். 2.5-ஐ 2.5-ஆல் பெருக்கி 6.25 மடங்கு வைத்தால் தொங்கட்டானின் ஆட்டம் சரியாகிறது. ஆனால் டேம்பிங்கைத் தனியாக மாற்ற வேண்டும், கூடையின் விறைப்பைத் தனியாக, முந்தானைக்குக் காற்றைத் தனியாக. 13 எலும்புகளுக்கும், 31 காட்சிகளிலும். மாற்றி முடித்தால் எடிட்டரில் எல்லாம் கிறுகிறுவென்று துடிக்கிறது. பிரிவியூவை 24-க்கு இறக்கவும் வழி வைக்கவில்லை. கண்ணால் பார்க்காமல் எண்ணை மட்டும் நம்பி எப்படி ஒரு நடையை அமைப்பது?

ஒரு விஷயத்தில் நியாயமாக நடந்துகொள்ள விரும்புகிறேன். நிறைந்த கூடையின் பாரம் அம்மாயியின் முதுகைத் திரும்ப இழுக்காது, உங்கள் இயற்பியல் ஒருவழிப் பாதை, தாய் எலும்பு பிள்ளை எலும்பை ஆட்டும், பிள்ளை தாயை ஆட்டாது. அது எனக்குத் தொடக்கத்திலேயே தெரியும். அந்தக் குனிவை நான் கையால்தான் வைத்தேன். அதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. வேலை செய்துகொண்டிருந்ததை நீங்கள் கெடுத்ததுதான் என் புகார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தச் சிக்கலுக்கு உங்கள் மென்பொருளிலேயே ஒரு வழி இருந்தது. இயற்பியல் அசைவை எடிட்டரில் ஓடவிட்டு, அதை அப்படியே கீபிரேம்களாகப் பதிந்துகொள்ளும் வசதி. பதிந்துவிட்டால் எந்த வேகத்தில் எடுத்தாலும் அசைவு மாறாது. அதே நவம்பர் அப்டேட்டில் அந்த வசதியைத் தனிநபர் சந்தாவிலிருந்து எடுத்து, விலை கூடிய ஸ்டூடியோ சந்தாவுக்குக் கொண்டுபோய்விட்டீர்கள். நான் ஆகஸ்ட்டில் ஓர் ஆண்டுக்குப் பணம் கட்டியபோது அது எனக்குக் கொடுத்த வசதிகளில் ஒன்று. நடுவில் எடுத்துக்கொள்ள எந்த நியாயமும் இல்லை. பழைய பதிப்புக்குத் திரும்பலாம் என்றால் அதன் நிறுவல் கோப்பை நீக்கிவிட்டீர்கள். புதிய பதிப்பில் ஒருமுறை சேமித்த கோப்பைப் பழைய பதிப்பு திறக்கவும் செய்யாது.

எனக்கு வேண்டியது இது. என் கோப்புகளை அக்டோபர் பதிப்பில் திறக்க வழி செய்யுங்கள், பழைய நிறுவல் கோப்பைக் கொடுங்கள். இது உடனே வேண்டும், பொங்கல் விடுமுறையில் சுற்றுவட்டார எஸ்டேட் பிள்ளைகளுக்குப் படத்தைக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன். அடுத்து, கணக்கைப் பிரேமிலிருந்து விடுவித்து நிலையான நேர அடிக்கு மாற்றுங்கள். நொடிக்கு 120 அடி என்று வைத்தால் 60 பிரேம் வீடியோவுக்கு ஒரு பிரேமுக்கு 2 அடி, 24-க்கு 5, 12-க்கு 10. எல்லாம் முழு எண்ணாகவே வரும், எதில் எடுத்தாலும் ஒரே ஆட்டம் கிடைக்கும். கீபிரேமாகப் பதியும் வசதியை என் சந்தாக் காலம் முடியும் வரையாவது திருப்பிக் கொடுங்கள். நவம்பரிலிருந்து நீங்கள் இதைச் சரிசெய்கிற நாள் வரைக்குமான சந்தாத் தொகையைத் திருப்பித் தாருங்கள். இனிமேல், சேமித்த வேலையின் அசைவை மாற்றக்கூடிய அப்டேட்டை என் சம்மதம் இல்லாமல் ஏற்றாதீர்கள்.

பதினைந்து நாட்களுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சேவைக் குறைபாடு என்று ஊட்டியில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்வேன். அங்கெல்லாம் போக எனக்கு விருப்பமில்லை. படத்தை முடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

சோதனை ரிக்கின் கோப்பு, 60, 24, 12 பிரேம்களில் எடுத்த மூன்று வீடியோக்கள், அக்டோபரில் எடுத்த பழைய வீடியோ, உங்கள் உதவிப் பிரிவின் மூன்று பதில்கள், ஆகஸ்ட் மாத ரசீது ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். முதலில் அக்டோபர் வீடியோவையும் 24 பிரேம் வீடியோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட்டிப் பாருங்கள். தொலைபேசியில் கூப்பிடுவதானால் காலை 10 மணியிலிருந்து 1 மணிக்குள் கூப்பிடுங்கள். வடகிழக்குப் பருவமழை இன்னும் விடவில்லை, மதியத்துக்கு மேல் இங்கே சிக்னல் நிற்பதில்லை.

இப்படிக்கு,
தங்கள் சந்தாதாரர்,
கோத்தகிரி.