டெசாருவில் என்னைப் பிடித்து நிறுத்தியவர்களுக்கு

எங்கள் தோட்டத்து மக்களுக்கும் குளுவாங் நண்பர்களுக்கும் வணக்கம்.

டெசாரு கடற்கரையில் கடல் இழுத்துப்போன என் பையன் இப்போது நன்றாக இருக்கிறான். நேற்றிரவு இரண்டு தட்டு மீகூன் (அரிசி நூடுல்ஸ்) சாப்பிட்டான். ஒவ்வொருவருக்கும் தனியாகப் பதில் சொல்ல முடியாததால் இந்த மடல்.

முதல் நன்றி, வேன் ஓட்டி வந்த மாமாவுக்கு. பையன் தூரப் போவதைப் பார்த்ததும் நான் தண்ணீரில் பாயப் போனேன். அவர்தான் என் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். “நீயும் போனா நான் யாரைத் தூக்கிட்டு வீட்டுக்குப் போறது?” என்று கத்தினார். ஆத்திரத்தில் அவர் கையைக் கடித்துவிட்டேன், தடம் இன்னும் இருக்கிறதாம். மன்னிச்சிருங்க மாமா. காப்பாற்றப் போனவர்களே மூழ்கிப்போவது கடலில் அடிக்கடி நடக்கிறது என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

அடுத்து, கெரோபோக் (மீன் அப்பளம்) பொரித்து விற்கும் பாக்சிக், அதாவது மலாய்க்காரப் பெரியவர். அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்து, “ஜாங்கான் லாவான்!” என்று கத்திக்கொண்டே இரண்டு கையையும் பக்கவாட்டில் வீசிக் காட்டினார். எதிர்க்காதே, ஒதுங்கிப் போ என்று அர்த்தம். குரல் எட்டவில்லை, கையைப் பார்த்துத்தான் பையன் புரிந்துகொண்டான். “கரையைப் பார்த்துத்தாம்பா நீந்தினேன். நீந்த நீந்த நீங்க சின்னதாகிக்கிட்டே போனீங்க” என்கிறான்.

எங்கும் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தபோது ஓரிடத்தில் மட்டும் நுரையில்லாமல், கொஞ்சம் கறுப்பாக, அமைதியாக இருந்தது. நானும்தான் “அங்கே போய்க் குளிடா” என்றேன். அலைகள் கரைக்குத் தள்ளும் தண்ணீர் கடலுக்குத் திரும்பும் வழியே அதுதான் என்று பாக்சிக் அப்புறம் மணலில் கோடு போட்டுக் காட்டினார். அந்தத் தண்ணீரின் இழுப்பு பலமானால் நொடிக்கு 2 மீட்டரைக்கூடத் தாண்டும், ஒலிம்பிக் வீரராலும் எதிர்த்து நீந்த முடியாது. ஆனால் அது ஆளை அடியில் இழுப்பதில்லை, வெளியேதான் கொண்டுபோகும். அலை உடையும் இடத்தைத் தாண்டினால் பெரும்பாலும் வலு குறைந்துவிடும். அதுவரை மல்லாந்து மிதந்து மூச்சைச் சேமிக்க வேண்டும். பிறகு கரைக்கு இணையாக நீந்தி இழுப்பிலிருந்து விலகி, அலை உடையும் பக்கமாகச் சாய்வாகக் கரையேற வேண்டும். பையனும் மிதந்தான். அதற்குள் அலைச்சறுக்குப் பலகையோடு ஒரு மலாய்த் தம்பி போய்ச் சேர்ந்தார். தம்பி, உங்கள் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

999-க்கு அழைத்த சீனத் தம்பதிக்கும், ஓடி வந்த பொம்பாக்காரர்களுக்கும் (தீயணைப்பு மீட்புப் படையினர்), கோயிலில் அர்ச்சனை செய்த அக்காமாருக்கும் நன்றி.

சிவப்புக் கொடி பறந்தது. பார்த்தேன். டிசம்பர் மாதம், வடகிழக்குப் பருவக்காற்று நேரம் என்பதும் தெரியும். இவ்வளவு தூரம் வந்தாச்சே என்று விட்டுவிட்டேன். தவறு என்னுடையதுதான், பையனை யாரும் திட்ட வேண்டாம்.

மாமா, சனிக்கிழமை வீட்டில் மீன்கறி. மறுக்காமல் வாங்க.

அன்று சட்டியில் கருகிய கெரோபோக்குக்குப் பாக்சிக் காசு வாங்க மறுத்துவிட்டார். டெசாரு போகிறவர்கள் அவரிடம் இரண்டு பொட்டலமாவது வாங்குங்கள்.