216 எங்கிருந்து வந்தது? கணக்குத் துணைப்பாட ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூரில் நம் பிள்ளைகளுக்குக் கணக்குத் துணைப்பாடம் எடுக்கும் ஆசிரியர்களே, நிலையங்களை நடத்துவோரே,

வணக்கம். உங்களிடம் கேட்பது ஒன்றுதான். தேர்வுத்தாள்களைக் குறையுங்கள், தவறான விடைகளைப் படியுங்கள்.

இந்தக் கணக்கைப் பாருங்கள். கடைக்காரர் தம்மிடமிருந்த முறுக்குகளில் 1/3 பங்கைக் காலையில் விற்றார். மீதியில் 1/4 பங்கை மாலையில் விற்றார். 90 முறுக்குகள் எஞ்சின. முதலில் எத்தனை இருந்தன?

பிள்ளை 216 என்று எழுதுகிறது. வழக்கமாக என்ன நடக்கும்? சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி, பலகையில் 180 வரும் வழி, உடனே அடுத்த கணக்கு. 216 எப்படி வந்தது என்று யாரும் கேட்பதில்லை. பிள்ளை இரண்டு பின்னங்களையும் முழு எண்ணிக்கையிலிருந்தே கழித்திருக்கிறது. 12 பங்கில் 4 போய், 3 போய், மிச்சம் 5. 5 பங்கு 90 என்றால் ஒரு பங்கு 18, 12 பங்கு 216. எல்லாம் மிச்சமில்லாமல் வகுபட்டதால் பிள்ளைக்குச் சந்தேகமே எழவில்லை. பின்னத்தில் குறை இல்லை, வகுத்தலில் குறை இல்லை. ஆங்கிலத்தில் வரும் கணக்குத் தாளில் 'ரிமெய்ண்டர்' (மீதி) என்ற ஒரு சொல்லைக் கண் தாண்டிவிட்டது. அந்தச் சொல்லை வகுத்தல் மீதியாக மட்டுமே அறிந்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். இவர்களுக்கு மேலும் 40 பின்னக் கணக்குகள் கொடுத்து என்ன பயன்?

மாடல், அதாவது கணக்கைப் பட்டைகளாகக் காட்டும் படம், வரையச் சொல்லுங்கள். நீளப் பட்டையை 3 சம பங்காக்கி, காலையில் விற்ற ஒன்றை நிழலிடட்டும். எஞ்சிய 2 பங்கை 4 ஆக்க, ஒவ்வொன்றையும் இரண்டாக வெட்டினால் போதும். அதில் ஒன்று மாலை விற்பனை. மீதி 3 யூனிட் 90, ஒரு யூனிட் 30. இங்கேதான் அடுத்த வழுக்கல்: நிழலிட்ட முதல் பங்கையும் இரண்டாக வெட்ட மறந்து, 5 யூனிட் என்று எண்ணி 150 எழுதுவார்கள். வெட்டினால் 6 யூனிட், 180. ஆசிரியர் வரைந்ததைப் பார்த்து எழுதும் பிள்ளையிடம் இந்தத் தவறு வெளியே வராது. ஆகவே பென்சில் பிள்ளையின் கையில் இருக்கட்டும். கடைசியில் விடையை வைத்துக் கதையை முதலிலிருந்து ஓட்டிப் பார்க்கட்டும்: 216இல் 72 போனால் 144, அதில் 36 போனால் 108. 90 வரவில்லை. அரை நிமிட வேலை.

ஊரில் படித்த நம்மில் பலருக்கு உடனே எக்ஸ் வைக்கக் கை போகும். பெற்றோரும் வீட்டில் அதையே சொல்லித்தருகிறார்கள். எக்ஸ் குற்றமில்லை. ஆனால் அல்ஜீப்ரா பாடமே தொடக்கநிலை 6இல்தான் வருகிறது. அதோடு, 'மீதியில்' என்பதைப் படிக்காத பிள்ளை எக்ஸ் வைத்தும் 216தான் எழுதும்.

பழைய தாள்களை நகலெடுத்துக் கொடுப்பவர்களுக்கு ஒரு சொல். 2021இல் தொடக்கநிலை 1இல் தொடங்கிய பாடத்திட்டம் 2026இல் தொடக்கநிலை 6க்கு வந்திருக்கிறது. வேகம் என்ற பாடம் உயர்நிலைக்குப் போய்விட்டது. விகிதமும் சராசரியும் 5ஆம் வகுப்பிலிருந்து 6ஆம் வகுப்புக்கு நகர்ந்துவிட்டன. இரண்டு கார்கள் எங்கே சந்திக்கும் என்று இன்னும் பிள்ளைகளைத் துரத்த வேண்டியதில்லை.

கால்குலேட்டரையும் கவனியுங்கள். தொடக்கநிலை 6 இறுதித் தேர்வான பிஎஸ்எல்இயில் முதல் தாளுக்கு அது கிடையாது, இரண்டாம் தாளுக்கு உண்டு. 9 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்த்து 218 வெள்ளி, வரிக்கு முன் விலை என்ன என்று கேட்டால், 218இல் 9 விழுக்காட்டைக் கழித்து 198.38 என்று கருவி மறுபேச்சில்லாமல் காட்டும். 218 என்பது 109 விழுக்காடு, விலை 200 வெள்ளி என்பதை அது சொல்லாது.

பெற்றோரிடம் ஏஎல்லை, அதாவது மதிப்பெண்ணுக்குரிய தரநிலையை, மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். 45 முதல் 64 வரை எல்லாமே ஏஎல் 6. 46இலிருந்து 63க்கு ஏறிய பிள்ளை நின்ற இடத்திலேயே நிற்பதுபோலத் தெரியும். 84இலிருந்து 85க்குப் போன பிள்ளையோ ஒரு படி ஏறிவிடும். இதை விளக்காவிட்டால் வீட்டில் திட்டு வாங்குவது யார் என்று உங்களுக்கே தெரியும்.

ஒன்றரை மணி நேர வகுப்பில் முதல் 20 நிமிடத்தைப் போன வாரத் தவறுகளுக்கு ஒதுக்குங்கள். ஒரு நோட்டில் தவறான விடையை அப்படியே எழுதி, பக்கத்தில் காரணத்தைப் பிள்ளையே எழுதட்டும்: சொல்லைத் தவறவிட்டேன், பங்கைத் தவறாக எண்ணினேன், பெருக்கலில் பிசகினேன், சென்டிமீட்டரை மீட்டராக மாற்றவில்லை. 'கவனக்குறைவு' என்று மட்டும் எழுத விடாதீர்கள். இந்த மாதம் எத்தனை தாள் முடித்தீர்கள் என்று பெற்றோர் கேட்டால், அந்த நோட்டைக் கையில் கொடுங்கள்.

இப்படிக்கு,
கணக்கு சொல்லித்தரும் சிலர், சிங்கப்பூர்