ராயல்டி மோடத்துக்கா, முழுக் கருவிக்கா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஓசூரில் 4ஜி மோடம் (கருவியை செல்போன் வலைப்பின்னலோடு இணைக்கும் பாகம்) பொருத்திய கருவி செய்யும் சிறு நிறுவனம் எதுவும் அந்தத் தொழில்நுட்பத்தின் காப்புரிமைதாரர்களைத் தவிர்க்க முடியாது; எல்லாக் கருவிகளும் பின்பற்ற வேண்டிய பொதுத் தொழில்நுட்ப விதிகளான தரநிலைக்குள்ளேயே காப்புரிமைகள் இருக்கின்றன. அதனால்தான் நியாயமான, பாகுபாடற்ற கட்டணத்தில் உரிமம் தருவதாகத் தரநிலை அமைப்புகளிடம் அவர்கள் முன்பே வாக்குக் கொடுக்கிறார்கள்.

சிக்கல், கட்டணத்தை எதன் மீது கணக்கிடுவது என்பதில். மோடம் 800 ரூபாய், அது பொருத்திய வண்டிக் கண்காணிப்புக் கருவி 4,000 ரூபாய் என்று வையுங்கள். 1 சதவீதம் மோடத்தின் மீது 8 ரூபாய். கருவியின் மீது 40. பேட்டரிக்கும் பெட்டிக்கும் சேர்த்து ராயல்டி கட்டுவது அநியாயம். செல்போன் நிறுவனமான மைக்ரோமேக்ஸின் புகாரில் 2013-ல் காப்புரிமைதாரரான எரிக்சன் மீது விசாரணைக்கு உத்தரவிட்ட இந்தியப் போட்டி ஆணையமும் இதைத்தான் சுட்டிக்காட்டியது.

ஆனால், காப்புரிமைச் சட்டம் இருக்கையில் ஆணையம் இதை விசாரிக்க முடியாது என்று 2023 ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆணையத்தின் மேல்முறையீடும் 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தில் தள்ளுபடியானது.

மிஞ்சுவது காப்புரிமைச் சட்டத்தின் 84-வது பிரிவின் கட்டாய உரிமம், அதாவது காப்புரிமைதாரர் சம்மதிக்காவிட்டாலும் தரப்படும் உரிமம். காப்புரிமை வழங்கி 3 ஆண்டு முடிந்திருக்க வேண்டும், முதலில் உரிமம் கேட்டுப் பேசியிருக்க வேண்டும், விலை நியாயமற்றது என்பது போன்ற காரணத்தை மனுதாரரே காட்ட வேண்டும். சந்தை ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்தியதற்கு அபராதம் போடும் அதிகாரமோ அங்கே இல்லை. நாடாளுமன்றம் போட்டிச் சட்டத்தைத் திருத்தி அந்த அதிகாரத்தை ஆணையத்துக்குத் தெளிவாகத் தர வேண்டும்.

அதுவரை, காப்புரிமைதாரரிடமிருந்து நோட்டீஸ் வந்தால் பேசாமல் இருந்துவிடாதீர்கள். எந்தக் காப்புரிமை, தரநிலையின் எந்தப் பகுதி என்று எழுத்தில் கேளுங்கள். மோடம் விலையை வைத்து எதிர் விலையும் எழுதுங்கள். பதில் தராதவரை உரிமம் பெற மனமில்லாதவர் என்றே நீதிமன்றம் கருதக்கூடும்.

கருவி உற்பத்தியாளர்கள் சிலர்,
ஓசூர், கிருஷ்ணகிரி மாவட்டம்