ரத்தம் சரியான பிறகும் முதுகில் ஊசி எதற்கு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய் பற்றிய உங்கள் கட்டுரையில் கீமோ, முடி கொட்டுவது, செலவு எல்லாம் வந்திருந்தன. முதுகில் போடும் ஊசியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. குழந்தைகள் புற்றுநோய் வார்டில் செவிலியராக இருந்தவள் நான். பெற்றோர் முரண்டு பிடிப்பது அந்த ஊசிக்குத்தான். "ரத்தம்தான் சரியாயிடுச்சே சிஸ்டர், இன்னும் எதுக்குக் குத்துறீங்க? கால் விளங்காமப் போயிட்டா?" என்பார்கள்.

கேட்பதில் தப்பில்லை. ஆனால் மூளையின் ரத்தக் குழாய்ச் சுவர் கண்டதையும் உள்ளே விடாது. கையில் ஏற்றும் கீமோ மருந்துகளில் பல அங்கே போதிய அளவு போய்ச் சேர்வதில்லை. புற்றணுக்களோ மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியுள்ள நீரில் போய்ப் பதுங்கிவிடுகின்றன. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல், புற்றணுக்கள் அங்கே போகும் ஒரு வழியை எலிகளிடம் கண்டார்கள். முதுகெலும்பு, மண்டையோட்டு மஜ்ஜையிலிருந்து மூளையுறைக்குப் போகும் நுண்குழாய்களின் வெளிப்புறத்தைப் பற்றிக்கொண்டே அந்த அணுக்கள் ஊர்ந்து போகின்றனவாம். வாசலில் காவல் இருக்க, கொல்லைப்புறமாக நுழைந்த கதைதான். அதனால்தான் முதுகு வழியாக மருந்தை நேரே அந்த நீரிலேயே செலுத்துகிறார்கள்.

1960-களில் நோய் அடங்கிய குழந்தைகள் பலருக்கு அது மூளையுறையில் திரும்பியது. அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் செயின்ட் ஜூட் மருத்துவமனையின் டொனால்ட் பிங்கல் குழுவினர், திரும்பும்வரை காத்திராமல் தலைக்குக் கதிர்வீச்சும் முதுகில் மெத்தோட்ரெக்சேட் என்ற கீமோ மருந்தும் முன்கூட்டியே கொடுத்தார்கள். ஏறத்தாழப் பாதிப் பேர் பிழைத்தார்கள். கதிர்வீச்சு பிள்ளைகளின் வளர்ச்சியையும் படிப்பையும் கெடுத்ததால், பின்னாளில் பெரும்பாலோருக்கு அதை விட்டுவிட்டார்கள். அதை விட முடிந்ததே இந்த ஊசியும் வீரியமான கீமோவும் இருப்பதால்தான்.

பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முழங்காலை வயிற்றோடும் தாடையை நெஞ்சோடும் சேர்த்துப் பிடித்துக்கொள்வோம். தெளிந்த நீர் சொட்டுச் சொட்டாக விழும். அதைச் சோதனைக்குப் பிடித்துவிட்டு, அதே ஊசி வழியாக மஞ்சள் மருந்தை மெதுவாகச் செலுத்துவார்கள். தண்டுவடம் மேலேயே முடிந்துவிடுகிறது. குத்துவது அதற்குக் கீழே. அப்புறம் கொஞ்ச நேரம் நிமிர்ந்து படுக்க வேண்டும், சிலருக்குத் தலைவலி வரும்.

முதல் சோதனையில் அந்த நீர் சுத்தமாக இருந்தாலும் ஊசியை விடக்கூடாது. நான்கைந்து அணுக்கள் ஒளிந்திருந்தால் எந்தச் சோதனையில் தெரியும்?

சிகிச்சை முடிந்த பிள்ளைக்குத் தலைவலி, காலை வாந்தி, வாய் ஒரு பக்கம் கோணுவது, பார்வை இரண்டாகத் தெரிவது என்று வந்தால், பித்தம் என்று கஷாயம் கொடுத்துக்கொண்டிராமல் புற்றுநோய் மருத்துவரிடமே காட்டச் சொல்லி அடுத்த இதழில் ஒரு பெட்டிச் செய்தியாவது போடுங்கள்.

ஓய்வுபெற்ற செவிலியர்,
மதுரை