சிவப்பு வலது கை, பாப்பா

பாப்பா, நல்லாருக்கியா, மாப்ள நல்லாருக்காரா. அமெரிக்கால நார்ஃபோக்ல இருந்து மயாமி வரைக்கும் கரையோர வாய்க்கால் வழியாவே போட்ல போகப்போறோம்னு நீ சொன்னதுல இருந்து எனக்கு ஒரே நெனப்புதான் ஓடிட்டிருக்கு, போன்ல சொன்னா சரிப்பா சரிப்பான்னு வச்சிருவ, அதான் ஒக்காந்து எழுதுறேன்.

சின்னப்புள்ளைல நம்ம மும்பை பாவுச்சா தக்கா படகுத்துறைல இருந்து லாஞ்ச்ல உன்ன பக்கத்துல ஒக்காரவச்சு கேப்பேன்ல, கடல்ல இருந்து உள்ள வர்றவனுக்கு சிவப்பு போயா, அதான் வழி காட்ட தண்ணில மெதக்கவிட்டிருக்கிற அடையாளம், எந்தக் கைன்னு, நீயும் இடது கைன்னு கத்துவ. அங்க அத மறந்துரணும் பாப்பா. போயா கலருக்கு உலகத்த ரெண்டு பிரிவா வச்சிருக்காங்க, இந்தியா ஏ பிரிவு, அமெரிக்கா பி பிரிவு, அங்க எல்லாம் நேர் எதிர். அந்த வாய்க்கால்ல தெக்க போறதத்தான் உள்ள வர்றதா கணக்கு வச்சிருக்காங்க, அதனால மயாமி நோக்கிப் போறப்ப சிவப்பு வலது கை, பச்சை இடது கை. இதுலயும் ஒரு இடக்கு இருக்கு, சில எடத்துல வாய்க்கா வேற ஆத்து சேனலோட சேந்து ஓடும், அங்க போயா கலர் அந்த ஆத்துக் கணக்குல இருக்கும், பக்கமே மாறிப்போயிரும். அப்ப கலர பாக்காத, அதுல இருக்கிற சின்ன மஞ்சள் அடையாளத்த பாரு, தெக்க போற உனக்கு முக்கோணம்னா வலது, சதுரம்னா இடது.

ஏன் இவ்ளோ சொல்றேன்னா, அவசரத்துல கை பழகின பக்கம்தான் போகும். நான் சுக்கான் புடிச்ச புதுசுல ஒரு சாயங்காலம் மழை இருட்டுல ரெண்டு விளக்க மாத்தி நெனச்சு லாஞ்ச சேத்துல ஏத்திட்டேன், ஜனங்க நெறைய இருந்தாங்க, யாருக்கும் ஒண்ணும் ஆகல, ஆனா ஒரு கொழந்த அழுத சத்தம் இன்னும் காதுல இருக்கு. உங்கம்மாகிட்டகூட இத சொன்னதில்ல.

பாய்மரம் 58 அடின்னு சொன்ன. அங்க தூக்காத பாலமெல்லாம் பெரும்பாலும் 65 அடி, போயிரலாம். மயாமில ஜூலியா டட்டில் பாலம் மட்டும் 56 அடிதான், அதனால கடைசில ஃபோர்ட் லாடர்டேல்லயே வெளிக்கடலுக்கு எறங்கி, மயாமி வாசல் வழியா திரும்ப உள்ள வந்துருங்க, காத்து நல்லாருக்கிற நாளா பாத்து. தூக்குற பாலத்த தொறக்கச் சொல்லி கூப்புட வி.எச்.எஃப் ரேடியோல வர்ஜீனியாலயும் வட கரோலினாலயும் சேனல் 13, அதுக்குத் தெக்க 9.

ஜார்ஜியால பர்தி ஓட்டி, அதான் கடல் ஏத்த வத்தம், 7ல இருந்து 9 அடி வரைக்கும் ஏறி எறங்கும். நம்ம மும்பைல இதவிட ஜாஸ்திதான், ஆனா அங்க வழி குறுகல், சேறு எடம் மாறிக்கிட்டே இருக்கும், சார்ட்ல, அதான் கடல் வரைபடத்துல, வழி காட்டுற மெஜந்தா கோட்ட நம்பி கண்ண மூடிட்டு போகாத. ஆழம் கம்மியான எடத்துக்கு தண்ணி ஏறிட்டு இருக்கும்போது போ, அப்ப தட்டினாலும் கொஞ்ச நேரத்துல தானா தூக்கிவிட்டுரும். வத்தும்போது தட்டினீங்கன்னா மணிக்கணக்கா அங்கயே சாஞ்சு கெடக்கணும்.

அம்மா லைஃப் ஜாக்கெட்ட கழட்டவே கூடாதுங்குறா, சமைக்கும்போதும் போட்டுக்கணுமாம். போட்டுக்க, அவளுக்காக.

நார்ஃபோக்ல வாய்க்கா ஆரம்பிக்கிற சைபர் மைல்ல 36ம் நம்பர் சிவப்பு போயா இருக்கும். தாண்டும்போது போட்டோட மூக்கும் தெரியுற மாதிரி ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, அது எந்தப் பக்கம் இருக்குன்னு நான் பாக்கணும்.

அப்பா
ஆன்டாப் ஹில், மும்பை