சட்டையை விட்டு ஸ்க்ரப் தைப்பது பற்றி

தாராவி, மும்பை

அன்புள்ள மாணிக்கம்,

உன் கடிதம் கிடைத்தது. சட்டை ஏற்றுமதி ஆர்டர் பாதியாகிவிட்டது, ஆஸ்பத்திரிக்கு ஸ்க்ரப் (டாக்டர், நர்ஸ் வேலையில் போடும் தொளதொள மேல்சட்டையும் பேண்ட்டும்) தைக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். தாராளமாகத் தைக்கலாம். நீ மெஷினைப் பற்றியே இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். எனக்கு அதில் கவலையில்லை.

ஸ்க்ரப்பில் காலர், கஃப், பட்டன் கிடையாது. பெங்களூரு பொம்மனஹள்ளியில் காலருக்கு விறைப்புத் துணி ஒட்டும் உன் ஃபியூசிங் பிரஸ்ஸும் காஜா மெஷினும் சும்மா நிற்கும், துணி ஓரம் பிரியாமல் தைக்கும் ஓவர்லாக் மெஷின் பற்றாது. வாடகைக்கு எடு, வாங்காதே. துணியில்தான் கை சுடும். லாண்டரியில் வெந்நீரில் அலசுவார்கள். வெட்டுவதற்கு முன் துணியில் 50 செ.மீ. சதுரம் கோடு போட்டு, மூன்று முறை வெந்நீரில் துவைத்து, தேய்த்து அள. 48.5 வந்தால் 3 சதவீதம் சுருங்குகிறது, 72 செ.மீ. மேல்சட்டை உயரம் 2 செ.மீ.க்கு மேல் குட்டையாகிவிடும். அதைப் பேட்டர்னிலேயே கூட்டச் சொல். 2020-ல் இங்கே பிபிஇ (கொரோனா பாதுகாப்பு) உடைக்குத் தாவியபோதும் இதே கதைதான்: தையல் எல்லோருக்கும் தெரியும், ஆனால் ஊசி போட்ட ஓட்டையில் ஒழுகும். அதன்மேல் சூடான காற்றில் டேப் ஒட்டினால்தான் கோவை ஜவுளி ஆராய்ச்சி நிறுவனமான சிட்ராவின் செயற்கை ரத்தச் சோதனையில் தேறும்.

இனி பணம். செட் 450 ரூபாய், மாதம் 2,000 செட் என்று வைத்துக்கொள்: 9 லட்சம். ஆஸ்பத்திரி 90 நாளில் கொடுத்தால் உன் 27 லட்சம் எப்போதும் வெளியே நிற்கும். கூலியோ சனிக்கிழமை தோறும். ஜிஎஸ்டி, பணம் வந்தாலும் வராவிட்டாலும், அடுத்த மாதம் 20-ஆம் தேதி. சிறு தொழிலுக்கான உத்யம் பதிவு இருந்தால் 2006-ன் சிறு, குறுந்தொழில் சட்டப்படி வாங்கியவர் 45 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. சரி, முதல் ஆர்டர் கொடுத்தவர் மேல் யாரப்பா கேஸ் போடுவார்கள்?

அதனால் முதல் ஆறு மாதம் நேரே ஆஸ்பத்திரிக்குப் போகாதே. ஏற்கெனவே சப்ளை செய்கிற யூனிஃபார்ம்காரரிடம் கூலிக்குத் தை. துணி அவருடையது, ஜிஎஸ்டி கூலிக்கு மட்டும், பணம் வாரா வாரம். லாபம் குறைவுதான், கடன் ஏறாது. ஆனால் துணி வரும்போதே மீட்டர் எண்ணிக் கையெழுத்து வாங்கிவிடு. வெட்டுச் சேதம் எத்தனை சதவீதம் என்பதையும் எழுதிக்கொள். கூலி வேலையில் சண்டை வருவது அங்கேதான்.

துவைத்த துணியின் அளவை எழுது. வாங்குபவர் ட்ரெட்ஸில் (சிறு தொழில்களின் பில்லுக்கு வங்கிகள் முன்பணம் தரும் ஆன்லைன் தளம்) இருக்கிறாரா என்றும் கேட்டு வை, பின்னால் பில்லைத் தள்ளுபடிக்கு விற்க உதவும். இங்கே மழை விட்டபாடில்லை.

அன்புடன்,
செல்வம்