கழுத்துத் தலையணை அனுப்பிய பிள்ளைகளுக்கு

லண்டனிலும் மெல்பர்னிலும் டப்ளினிலும் இருந்துகொண்டு, பினாங்கில் இருக்கும் அம்மா அப்பாவுக்கு விமான டிக்கெட் போடும் பிள்ளைகள் எல்லாருக்கும்,

வணக்கம். பசியாறிவிட்டீர்களா? லண்டனிலும் டப்ளினிலும் இன்னும் விடிந்திருக்காது, இருந்தாலும் கேட்டு வைக்கிறேன்.

நான் அரசாங்க மருத்துவமனையில் 30 ஆண்டுக்கு மேல் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். மகன் லண்டனில், மகள் மெல்பர்னில். அதனால் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் ஓய்வு என்பது பாதி பேரப்பிள்ளைகள், பாதி விமானம்.

போன தடவை லண்டனுக்குப் புறப்பட ஒரு வாரம் இருக்கும்போது மகன் கூரியரில் ஒரு பெட்டி அனுப்பினான். உள்ளே இரண்டு கழுத்துத் தலையணை, கண்ணை மூடிக்கொள்ள ஒரு துணி, காதடைப்பான், காலுக்கு வைக்க ஊதிப் பெரிதாக்கும் ஒரு மெத்தை. நல்ல சாமான்தான், குறை சொல்லவில்லை. அப்புறம் டிக்கெட்டைப் பார்த்தேன். எனக்கு ஜன்னல் ஓரம், அவருக்கு நடு இருக்கை. “உங்களுக்கு மேகம் பார்க்கப் பிடிக்குமேம்மா” என்றான். ராத்திரி பதினொரு மணிக்கு மேல் கோலாலம்பூரில் ஏறி விடியற்காலையில் லண்டனில் இறங்குகிற விமானத்தில் எந்த மேகத்தைப் பார்ப்பது?

நடைபாதை ஓரத்தில் ஒரு வெளிநாட்டுக்காரர். நல்ல மனிதர், ஆனால் வங்காள விரிகுடா தாண்டுமுன் தூங்கிவிட்டார். எழுப்பக் கூச்சம். எழுப்பாமல் தாண்டிப்போகிற முட்டி எங்களிடம் இல்லை. என்ன செய்தோம்? தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டோம். 13 மணி நேரத்துக்கு மேல் ஆளுக்கு ஒரு குவளை, அவ்வளவுதான். குடித்தால்தானே கழிவறைக்குப் போக வேண்டும்! நோயாளிகளுக்கெல்லாம் தண்ணீர் குடியுங்கள், காலை அசையுங்கள் என்று ஆயுசு முழுக்கச் சொன்னவள் நான். இறங்கும்போது அவருக்குக் கெண்டைக்காலில் பிடிப்பு. என் கால் வீங்கி, கழற்றிப் போட்ட சப்பாத்துக்குள் போக மறுத்தது. கழுத்து மட்டும் நன்றாக இருந்தது.

நீங்கள் அனுப்பும் சாமான்கள் எல்லாம் விமானம் ஏறிய பிறகு உதவுகிறவை. எங்கள் பயணம் சுகமா இல்லையா என்பது நீங்கள் டிக்கெட் வாங்கும் அந்தப் பத்து நிமிடத்திலேயே முடிவாகிவிடுகிறது. அந்தப் பத்து நிமிடத்தில் எங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

முதலில் இருக்கை. வயதானவர்களுக்கு நடைபாதை ஓரம் போடுங்கள், அதுதான் அவர்கள் குடிக்கிற தண்ணீர். ஏ350, 787 மாதிரி விமானங்களில் பெரும்பாலும் வரிசைக்கு மூன்று, மூன்று, மூன்று என்று இருக்கும். அப்பாவுக்கு இந்தப் பக்க நடைபாதை ஓரம், அம்மாவுக்கு அதே வரிசையில் நடைபாதைக்கு அந்தப் பக்க ஓரம் என்று போட்டால் இருவரும் பேசிக்கொள்ளலாம், மாத்திரை கை மாற்றலாம், யாரையும் எழுப்ப வேண்டாம். ஏ330 வகையில் ஜன்னல் பக்கம் இரண்டிரண்டு இருக்கைதான். அது கிடைத்தால் இன்னும் நல்லது, சொந்தக்காரரை எழுப்பக் கூச்சப்பட வேண்டியதில்லை. கழிவறைக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று கடைசி வரிசையைப் போட்டுவிடாதீர்கள். ராத்திரி முழுக்க வெளிச்சமும் வரிசையும் நம் தலைமேல்தான். மூன்று நான்கு வரிசை தள்ளி இருந்தால் போதும்.

கால் நீட்டலாம் என்று கூடுதல் காசு கட்டி அவசர வாசல் வரிசையை வாங்கிக் கொடுக்கும் பிள்ளைகளும் உண்டு. அங்கே உட்காருகிறவர் ஆபத்து நேரத்தில் அந்தக் கதவைத் திறக்க உதவ வேண்டும். முட்டி வலிக்கும் அப்பாவைப் பார்த்ததும் பணிப்பெண் வேறு இடத்துக்கு மாற்றிவிடுவார். முன்தடுப்புக்கு எதிரே உள்ள வரிசை கைக்குழந்தைகளின் தொட்டிலுக்கானது. எனக்குக் குழந்தைகள் பிடிக்கும், ஆனால் 13 மணி நேரத்துக்கு அல்ல.

இன்னொரு சின்ன விஷயம். பல விமானங்களில் நடைபாதைப் பக்கக் கைப்பிடியும் மேலே தூக்கும். அதன் அடியில், பின்பக்கம் மூட்டுக்கு அருகே விரலால் தடவிப் பார்த்தால் ஒரு பொத்தான் தட்டுப்படும். எனக்கு இதை ஒரு பணிப்பெண் காட்டிக்கொடுத்தார். முட்டி மடங்காதவர்களுக்கு எழுந்து நிற்க இது பெரிய உதவி.

தண்ணீர் என்று நான் இவ்வளவு பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. விமானத்துக்குள் காற்றில் ஈரம் 20 விழுக்காட்டுக்கும் கீழே. நாம் பினாங்கில் 80 விழுக்காட்டு ஈரத்தில் துணி காயாமல் திட்டிக்கொண்டே வாழ்ந்தவர்கள். உதடு, மூக்கு, கண் எல்லாம் வறண்டுவிடும். அதோடு, உள்ளே இருக்கும் காற்றழுத்தம் தரையில் இருப்பது போல இல்லை. 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பது போல வைத்திருப்பார்கள். புதிய விமானங்களில் 6,000 பக்கம், பழையவற்றில் 8,000 பக்கம். நம் பினாங்கு மலை 833 மீட்டர். அதன் தலையில் இன்னொரு பினாங்கு மலை, அதற்கும் மேலே ஏறக்குறைய இன்னொன்று என்று வைத்து, உச்சியில் ஒரு நாற்காலி போட்டு ராத்திரி முழுக்க உட்காரச் சொன்னால் எப்படி இருக்கும்? இதயக் கோளாறோ மூச்சுக் கோளாறோ உள்ள அப்பாவுக்கு டிக்கெட் எடுக்குமுன் மருத்துவரைப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

வயிறு உப்புவதும் இதனால்தான். உயரே போனதும் காலிப் போத்தலை இறுக்க மூடி வைத்துவிட்டு, இறங்கிய பிறகு எடுத்துப் பாருங்கள், நசுங்கியிருக்கும். மேலே இருக்கும்போது அந்தக் காற்று எவ்வளவு விரிந்திருந்தது என்பதற்கு அதுவே அளவு. வயிற்றுக்குள் இருக்கும் காற்றும் அப்படித்தான் விரிகிறது. பயணத்தன்று கடலைக் குழம்பும் காஸ் பானமும் வேண்டாமே.

காலுக்கு வருகிறேன். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் பயணம் செய்தால் கால் இரத்தக் குழாயில் இரத்தம் உறையும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2007இல் சொன்னது. பயந்துவிடாதீர்கள், இரண்டு மடங்கான பிறகும் அது 6,000 பேரில் ஒருவருக்குத்தான் என்றும் அதே அறிக்கை சொன்னது. ஆனால் அண்மையில் அறுவை சிகிச்சை செய்தவர்கள், முன்பே அப்படி உறைந்தவர்கள், புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுப்பவர்கள் இந்தக் கணக்கில் சேரமாட்டார்கள். அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புறப்படக் கூடாது. மற்றவர்கள் குதிகாலை ஊன்றி முன்பாதத்தைத் தூக்குவது, பிறகு முன்பாதத்தை ஊன்றிக் குதிகாலைத் தூக்குவது என்று அடிக்கடி செய்தால், கெண்டைக்கால் சதை இரத்தத்தை மேலே தள்ளிவிடும். பழைய தையல் மிஷினை மிதிக்கிற மாதிரி என்று சொல்லுங்கள், உங்கள் அம்மாவுக்கு உடனே புரியும்.

அழுத்தக் காலுறை நல்லதுதான், ஆனால் இணையத்தில் குத்துமதிப்பாக வாங்கி அனுப்பாதீர்கள். கணுக்காலையும் கெண்டைக்காலையும் அளந்து வாங்க வேண்டும். மேல் விளிம்பு சுருண்டு கயிறு மாதிரி இறுக்கினால் போடாமலே இருக்கலாம். நம் வீடுகளில் இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, இல்லாத வீடு ஏது? அதனால் காலுக்குப் போகும் இரத்தம் குறைந்தவர்களுக்கு இந்தக் காலுறை கெடுதல். தூக்க மாத்திரை வாங்கிக் கொடுக்கும் யோசனை இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். எட்டு மணி நேரம் ஒரே கோணத்தில் மயங்கிக் கிடப்பது ஓய்வு ஆகாது.

இன்சுலினும் மாத்திரைகளும் கைப்பையில்தான் வர வேண்டும். அடியில் போகும் பெட்டியில் வைத்தால் இன்சுலின் குளிரில் கெட்டுப்போகலாம், பெட்டி தொலைந்தால் இன்னும் மோசம். லண்டனுக்கும் நமக்கும் கோடையில் 7, குளிர்காலத்தில் 8 மணி நேர வித்தியாசம். மேற்கே போகிற அன்று நாள் அவ்வளவு நேரம் நீண்டுவிடுகிறது. “காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று” என்று எழுதிய மருந்தை அன்றைக்கு எப்போது போடுவது? இதைப் புறப்படும் முன்பே மருத்துவரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். விமானத்தில் ஏறிய பிறகு வாட்ஸாப்பில் கேட்டுக்கொள்ளலாம் என்று நம்பியிருக்க முடியாது.

சாப்பாடு. இதில் பிள்ளைகள் செய்யும் தப்பு ஒன்றே ஒன்றுதான், ஆனால் எல்லாரும் செய்கிறார்கள். அம்மா சைவம், பட்டியலில் ‘இந்து உணவு’ என்று இருக்கிறது, உடனே அதை அமுக்கிவிடுகிறீர்கள். அது மாட்டிறைச்சி இல்லாத உணவு, சைவ உணவு அல்ல. கோழியோ ஆடோ மீனோ வரும். நம்ம ஊர்ச் சைவம் வேண்டுமென்றால் ‘ஏவிஎம்எல்’ (AVML) என்ற எழுத்துகளைத் தேடுங்கள். வெறும் ‘வெஜிடேரியன்’ என்று போட்டால் வேகவைத்த புரோக்கோலி வரும், அதைச் சாப்பிட்டுவிட்டு அம்மா உங்களை ஒன்றும் சொல்லமாட்டார், உங்கள் அத்தையிடம்தான் சொல்லுவார். குறைந்தது ஒரு நாளுக்கு முன்பாவது, முடிந்தால் டிக்கெட் எடுக்கும்போதே பதிந்துவிடுங்கள். தனியாகக் கேட்ட உணவு பெரும்பாலும் எல்லாருக்கும் முன்னால் வந்துவிடும், மருந்து போடுகிறவர்களுக்கு அது வசதி.

அடுத்து, நாங்கள் பினாங்குக்காரர்கள் என்பதை மறந்துவிடாதீர்கள். பாயான் லெப்பாஸிலிருந்து லண்டனுக்கு நேர் விமானம் கிடையாது. எங்கள் அடுக்குமாடியில் ஓர் அக்கா. அவர் மகள் கோலாலம்பூரிலிருந்து ஒரு டிக்கெட், பினாங்கிலிருந்து கோலாலம்பூருக்கு மலிவாகத் தனியாக இன்னொரு டிக்கெட் என்று வாங்கிவிட்டாள். இருநூறு வெள்ளி மிச்சம். முதல் விமானம் இறங்கியது முனையம் 2இல், அடுத்தது புறப்பட்டது முனையம் 1இல். இரண்டு பெட்டியையும் எடுத்து, தள்ளுவண்டியில் ஏற்றி, ரயில் எங்கே என்று விசாரித்து, ஏறி, இறங்கி, மறுபடியும் வரிசையில் நின்று பெட்டியைப் போட்டிருக்கிறார். ரயில் பயணம் என்னவோ மூன்று நிமிடம்தான். அதற்கு முன்னும் பின்னும் நடந்த நடைதான் ஒன்றரை மணி நேரம். ஏறி உட்காரும்போதே அவர் ஒரு முழுப் பயணம் முடித்த களைப்பில் இருந்தாராம். முதல் விமானம் தாமதமாகியிருந்தால் இரண்டாவது நிறுவனம் அவருக்காகக் கவலைப்பட வேண்டிய கட்டாயமும் இல்லை. ஒரே டிக்கெட்டாக எடுங்கள், பெட்டி பினாங்கிலிருந்து நேராகப் போகட்டும். இல்லாவிட்டால் முதல் நாளே கோலாலம்பூருக்கு அனுப்பிவிடுங்கள். எங்களுக்குப் பிரிக்ஃபீல்ட்ஸில் தங்கை வீடு இருக்கிறது. அங்கே குளித்துச் சாப்பிட்டு, கேஎல் சென்ட்ரலில் ரயில் ஏறினால் 28 நிமிடத்தில் விமான நிலையம்.

நேராகப் போவதா, வளைகுடாவில் இறங்கி ஏறுவதா என்பதில் எங்கள் வீட்டிலேயே ஒற்றுமை இல்லை. இடையில் நடந்தால் காலின் இறுக்கம் தளரும் என்கிறார் என் வீட்டுக்காரர். நடுச்சாமத்தில் அரைத் தூக்கத்தில் எழுப்பி, கிலோமீட்டர் கணக்கில் நடக்கவிட்டு, மறுபடியும் பெல்ட்டைக் கழற்றச் சொல்வதில் என்ன தளர்ச்சி என்கிறேன் நான்.

சக்கர நாற்காலி. “நான் என்ன நொண்டியா?” என்று அப்பா குதிப்பார். குதிக்கட்டும். 48 மணி நேரத்துக்கு முன்பே கேட்டு வையுங்கள். கேட்கும்போது மூன்று வகை உண்டு என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்: படி ஏறுவார், நீண்ட தூரம்தான் முடியாது என்பது ஒன்று, படி ஏற முடியாது, உள்ளே நடப்பார் என்பது ஒன்று, இருக்கை வரை தூக்கிச் செல்ல வேண்டும் என்பது ஒன்று. தவறாகச் சொன்னால் வாசலில் குழப்பம். என் வீட்டுக்காரரும் முதலில் முறைத்தார். குடிநுழைவு வரிசையில் நூறு பேரைத் தாண்டி முன்னால் தள்ளிக்கொண்டு போனபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், ராஜா மாதிரி கையசைக்காத குறைதான்.

உடை பற்றி அம்மாக்களுக்கே சொல்லிவிடுகிறேன். புடவை கட்டிக்கொண்டு அந்தக் கழிவறைக்குள் ஒரு தடவை போய் வந்தவர்கள் மறு தடவை கட்டமாட்டார்கள். பஞ்சாபி சூட் போடுங்கள், மேலே ஒரு சால்வை. இறுக்கமான மோதிரத்தை வீட்டிலேயே கழற்றிவிடுங்கள், விரலும் வீங்கும். வெறுங்காலோடு கழிவறைக்குப் போகாதீர்கள், தரையில் இருக்கும் ஈரம் எல்லாம் தண்ணீர் என்று சொல்ல முடியாது. கோடாலித் தைலம் சின்னப் போத்தல்தான், 100 மில்லிக்குள் அடங்கும், தாராளமாகக் கொண்டுபோகலாம். ஆனால் திறந்தால் நாலு வரிசைக்கு மணக்கும், அது உங்கள் பொறுப்பு. தக்காளித் தொக்கை மட்டும் கைப்பையில் வைக்காதீர்கள். அதுவும் திரவக் கணக்கில்தான் சேரும், சோதனை மேசையில் அது குப்பைக்குப் போவதைப் பார்க்க உங்களுக்கு மனசு வராது.

கடைசியாக என் மகனுக்கு. தைப்பூசம் முடிந்து வருகிறோம். டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை என்று உன் அப்பா சொன்னார், அதனால்தான் இப்போது எழுதுகிறேன். எனக்கு ஒரு பக்க நடைபாதை ஓரம், அவருக்கு எதிர்ப்பக்க ஓரம். சாப்பாடு ஏவிஎம்எல், ஒன்று மட்டும். உன் அப்பாவுக்கு வழக்கம்போல எல்லாம் ஆகும். சக்கர நாற்காலி ஒன்று, அவரிடம் இப்போதைக்குச் சொல்லாதே. கழுத்துத் தலையணை பழையதே இருக்கிறது, புதிதாக அனுப்ப வேண்டாம்.

அன்புடன்,
பினாங்கிலிருந்து ஓர் அம்மா